பாதிப் பணத்தைத் தங்கத்தில் போடப்போகும் நண்பனுக்கு

அன்பு நண்பா,

உன் கடிதம் கிடைத்தது. முழங்கால் வலி குறைந்து மாடிப்படி ஏற ஆரம்பித்துவிட்டாய் என்று படித்ததும் நிம்மதி. இங்கே எல்லோரும் நலம். பேத்தி பள்ளிக்கூடம் போகத் தொடங்கிவிட்டாள்; காலை நேரத்தில் வீடு வெறிச்சோடிக் கிடக்கிறது.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். ஓய்வுப் பணம் கைக்கு வந்ததும் பாதியைத் தங்கத்தில் போடப்போவதாக எழுதியிருக்கிறாய். கூடவே, ‘தங்கம் வாங்கி எவனும் கெட்டுப்போனதில்லை’ என்று ஒரு வரி. அந்த வரிதான் உறுத்துகிறது.

1971-ல் டாலரைத் தங்கமாக மாற்றித் தரும் ஏற்பாட்டை அமெரிக்க அதிபர் நிக்சன் நிறுத்தினார். அப்போது அவுன்ஸுக்கு, அதாவது சுமார் 31 கிராமுக்கு, அதிகாரபூர்வ விலை 35 டாலர். 1980 ஜனவரியில் அது 850-ஐத் தொட்டது. அந்த ஏற்றத்தைப் பார்த்தவர்களும் உன்னைப் போலத்தான் பேசியிருப்பார்கள். அப்புறம் இறங்கியது பார், 1999-ல் 250 டாலர் பக்கம் வந்து நின்றது. அதே காலத்தில் அமெரிக்காவில் விலைவாசி இரண்டு மடங்குக்கு மேல் ஏறிவிட்டது. 1980-ல், அறுபது வயதில், அந்த உச்சத்தில் வாங்கிய ஒருவரை நினைத்துக்கொள். அவர் கொடுத்த 850 டாலர் விலை திரும்பி வந்தது 2008-ல். அவருக்கு வயது 88. அதுவும் எண்ணிக்கையில்தான் திரும்பியது, வாங்கும் சக்தியில் இல்லை.

நம் ரிசர்வ் வங்கி போன்ற மத்திய வங்கிகளே தங்கத்தைக் குவிக்கின்றனவே என்று கேட்பாய். உண்மைதான், 2022 முதல் 2024 வரை ஆண்டுக்கு ஆயிரம் டன்னுக்கு மேல் வாங்கின. ரஷ்யாவின் வெளிநாட்டுக் கையிருப்பு முடக்கப்பட்டதைப் பார்த்த பயம் அதில் ஒரு காரணம். ஆனால் மத்திய வங்கிக்கு மாதாமாதம் மருந்துக்கடை பில் வருவதில்லை. இருபது வருடம் விலை படுத்துக் கிடந்தாலும் அது காத்திருக்கும். உனக்கும் எனக்கும் அது முடியாது. தங்கம் வட்டி தராது, டிவிடெண்ட் தராது. செலவுக்குப் பணம் வேண்டுமென்றால் அன்றைய விலைக்கு விற்றே ஆகவேண்டும்.

அதற்காக வேண்டவே வேண்டாம் என்று சொல்லவில்லை. 2008-ஐ எடுத்துக்கொள். உலகம் முழுக்கப் பங்குகள் சரிந்தன. தங்கமும் அந்த வருடம் நடுவில் நன்றாகவே இறங்கியது (இதை யாரும் சொல்வதில்லை), ஆனால் வருடக் கடைசியில், வருடம் தொடங்கிய விலைக்குச் சற்று மேலேயே வந்து நின்றது. கொஞ்சம் தங்கம் வைத்திருந்தவர் அதை விற்றுச் சாப்பிட்டுக்கொண்டு, பங்குகளை அடிமட்ட விலைக்குத் தள்ளிவிடாமல் தப்பித்தார். ஓய்வுக்காலத்தில் அதன் வேலை அவ்வளவுதான். அதற்குப் பத்தில் ஒரு பங்கு போதும் என்பது என் கணக்கு. உனக்கு மனசு கேட்காவிட்டால் பதினைந்து சதவீதம் வரை போ, பாதி வேண்டாம்.

முதலில் இரண்டு மூன்று வருடச் செலவுக்கான பணத்தை வங்கி வைப்புநிதியில் ஒதுக்கிவிடு. அதற்குப் பிறகுதான் தங்கம். நகையாக வாங்காதே; செய்கூலியும் சேதாரமும் விற்கும்போது திரும்பி வராது. கட்டியாக வாங்கினால் பாதுகாக்கும் செலவு, தூய்மைச் சோதனை என்று ஒவ்வொன்றாக வரும். தங்கத்தில் முதலீடு செய்யும் ஈடிஎஃப், அதாவது பங்குச் சந்தையில் வாங்கி விற்கக்கூடிய நிதி என்றால் சிறு கட்டணம் உண்டு, ஆனால் தேவைக்கு ஏற்பச் சிறுகச் சிறுக விற்கலாம். வருடத்துக்கு ஒருமுறை பார்த்து, தங்கம் நீ வைத்த அளவை மீறி வளர்ந்திருந்தால் மிகுதியை விற்று வைப்புநிதியில் சேர். ஏறும்போது விற்க மனசு வராது, தெரியும். தேதி குறித்து வைத்துக்கொண்டால் கொஞ்சம் சுலபம்.

எவ்வளவு பணம் வருகிறது, மாதச் செலவு என்ன, மருத்துவக் காப்பீடு எவ்வளவுக்கு இருக்கிறது, மூன்றையும் அடுத்த கடிதத்தில் எழுது. உட்கார்ந்து கணக்குப் போட்டு அனுப்புகிறேன். அதுவரை எதையும் வாங்கிவிடாதே.

அன்புடன்,
உன் பழைய பெஞ்சுத் தோழன்