பனிமலைக்கு எந்த பேட்டரி?

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். குளிர்காலத்தில் கேதார்கந்தா, சாதர் போன்ற இமயமலைப் பாதைகளில் நடைப்பயணம் போகிறவர்களுக்காகத் தங்கள் நாளிதழ் வெளியிட்ட பொருட்பட்டியலில், 'தலையில் மாட்டும் டார்ச், மாற்று பேட்டரிகள்' என்று மட்டுமே இருந்தது. எந்த வகை பேட்டரி என்று சொல்லாமல் விட்டதைச் சிறு குறையாக எடுத்துக்கொள்ள முடியவில்லை. கேதார்கந்தா உச்சிக்கு விடியுமுன் இருட்டில்தான் ஏறத் தொடங்குகிறார்கள். டார்ச் மிகவும் தேவைப்படும் அந்த நேரமே குளிர் மிகக் கடுமையான நேரமும் ஆகும்.

நம் ஊர்க் கடைகளில் கிடைக்கும் பென்சில் பேட்டரிகளில் மலிவானவை துத்தநாக-கார்பன் வகை, சற்று விலை கூடியவை ஆல்கலைன் வகை. இரண்டின் மின்பகுளியிலும் (பேட்டரிக்குள் அயனிகளை, அதாவது மின்னூட்டம் கொண்ட துகள்களை, கடத்தும் பொருள்) நீர் உண்டு என்பதால், கடுங்குளிரில் அயனிகளின் ஓட்டம் மந்தப்பட்டு, உள்மின்தடை ஏறி, டார்ச்சை முழு வெளிச்சத்தில் வைத்தவுடன் மின்னழுத்தம் சரிந்துவிடுகிறது. (உள்ளே மின்சாரம் தீர்ந்துவிட்டதாகப் பொருளில்லை. உள்சட்டைப் பையில் வைத்து உடற்சூடு ஏறியபின் போட்டால் அதே பேட்டரி மீண்டும் எரியும். செத்துவிட்டது என்று மலையிலேயே வீசிவிட்டு வருகிறவர்கள் இதைக் கவனிக்க வேண்டும்.) வெப்பநிலை மைனஸ் 20 டிகிரிக்கும் கீழே இறங்கும் சாதர் இரவுகளில் இந்த வகைகளை நம்புவது சரியல்ல.

அங்கே ஏற்றது, ஒருமுறை மட்டுமே பயன்படுத்தக்கூடிய 1.5 வோல்ட் லித்தியம் பென்சில் பேட்டரி. இதன் மின்பகுளியில் நீரே கிடையாது. மைனஸ் 40 டிகிரி வரை இயங்கும். ஏஏ அளவில் ஆல்கலைன் ஏறத்தாழ 23 கிராம் என்றால் இது 15 கிராம்தான். விலை பல மடங்கு அதிகம் என்பது உண்மையே. ஆனால் பயணச் செலவில் சிக்கனம் பிடிக்க வேறு எத்தனையோ இடங்கள் இருக்கின்றன.

வாங்கும்போது 'லித்தியம்' என்று மட்டும் கேட்டால் போதாது. அதே வடிவில், ரீசார்ஜ் செய்யக்கூடிய 3.7 வோல்ட் பேட்டரிகளும் விற்கப்படுகின்றன. மூன்று பென்சில் பேட்டரி போடும் டார்ச்சில் அவற்றைப் போட்டால், 4.5 வோல்ட் போக வேண்டிய இடத்தில் 11 வோல்ட்டுக்கு மேல் பாய்ந்து விளக்கே கருகிவிடக்கூடும். ஆகவே உறையில் 1.5 வோல்ட் என்று அச்சிட்டிருக்கிறதா என்று பார்த்தே வாங்க வேண்டும்.

பவர் பேங்க் கொண்டு போகிறவர்களுக்கும் ஒரு சொல். உறைகுளிரில் அதிலிருந்து மின்சாரம் எடுக்கலாம், அளவுதான் குறையும். ஆனால் பூஜ்ஜியம் டிகிரிக்குக் கீழே அதற்குச் சார்ஜ் ஏற்றினால், உள்ளே லித்தியம் உலோகமாகப் படிந்து அதன் கொள்திறன் நிரந்தரமாகக் கெடும். பிற்பாடு உள்ளேயே குறுக்குச்சுற்று ஏற்படவும் இடமுண்டு. முதுகுப்பையில் சூரியத் தகட்டைக் கட்டிக்கொண்டு பனியில் நடந்தபடியே சார்ஜ் ஏற்றும் வழக்கம் இந்தக் காரணத்தால் ஆபத்தானது.

பட்டியலை அடுத்த முறை வெளியிடும்போது பேட்டரியின் வகையையும் வோல்ட்டையும் சேர்த்துக் குறிப்பிட வேண்டுகிறேன். மாற்று லித்தியம் பேட்டரிகளையும் பவர் பேங்கையும் விமானத்தில் கைப்பையில்தான் எடுத்துச் செல்ல வேண்டும் என்பதையும் அதிலேயே சேர்த்துவிடலாம்.

இப்படிக்கு,
வாசகர் ஒருவர்,
கோயம்புத்தூர்.