மேசையில் வைத்த அட்டைகள்

பொகவந்தலாவை
ஞாயிறு இரவு

அன்புள்ள சரோ,

இங்கே எல்லோரும் சுகம். மழைதான் விட்டபாடில்லை. மகளுக்கு நாள் குறித்த செய்தியை உன் தங்கச்சி வாயால் கேட்க வேண்டியதாகிவிட்டது. அந்தச் சண்டையை நேரில் வைத்துக்கொள்கிறேன். மாப்பிள்ளையின் அக்காவுக்குக் கோதுமை ஆகாதாம், கனடாவிலிருந்து வருகிறாளாம் என்றும் அவள் சொன்னாள். அதைக் கேட்டதும் உனக்கு எழுதாமல் இருக்க முடியவில்லை.

போன கிழமை பேத்தியின் பிறந்தநாள். லண்டன் தம்பி குடும்பத்தோடு வந்திருந்தான். அவன் சின்னவனுக்கு எள்ளு ஆகாது. நாம் சூடு, குளிர்ச்சி என்று சொல்வோமே, அந்த மாதிரி இல்லை. ஒரு வாய் உள்ளே போனாலே உதடு வீங்கி மூச்சு முட்டும். தாய்க்காரி கைப்பையில் எப்போதும் ஊசி இருக்கிறது. அங்கே 2016இல் நட்டாஷா என்று ஒரு 15 வயதுப் பிள்ளை, கடையில் வாங்கிய பாணில் எள்ளு சேர்ந்திருப்பது தெரியாமல் சாப்பிட்டு இறந்துபோனாளாம். உறையில் எள்ளு என்று எழுதியிருக்கவில்லை. பெற்றவர்கள் விடாமல் போராடி, 2021இல் சட்டமே வந்தது. இதைக் கேட்டபோது எனக்கு நம் அடுப்படிதான் கண்ணுக்குள் நின்றது. இட்லிப் பொடிக்கு நல்லெண்ணெய், ஊறுகாயில் நல்லெண்ணெய், கண்டிப் பக்கமாக வந்தவர்கள் வரக்காப்பொலையில் வாங்கி வந்த தலகுலி இனிப்பு முழுக்க எள்ளு. பனிமூட்டத்தில் இந்த வளைவுகளில் டிக்கோயா ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேருவது எப்படி என்று உனக்குத் தெரியாததா!

அதனால் ஒவ்வொரு பாத்திரத்துக்கு முன்னாலும் அட்டை வைத்தோம். சப்பாத்துப் பெட்டியை வெட்டி, நடுவில் மடித்து, தமிழ், சிங்களம், இங்கிலீஷ் மூன்றிலும் எழுதினோம். "இது விருந்தா, மருந்துக்கடையா?" என்றார் சமையல் செய்த கோக்கித் தாத்தா. ஆனால் உட்கார்ந்து கேட்டால் எல்லாம் அவருக்குத்தான் தெரிந்திருக்கிறது. சீனிச்சம்பலில் மாசிக் கருவாடு. மரக்கறி பெட்டிஸ் மேலே முட்டை பூச்சு. மீன் கட்லட் பொரித்த எண்ணெயிலேயே மரக்கறி கட்லட். மரக்கறி என்று எழுதிவிட்டால் வேலை முடிந்தது என்று நினைக்காதே. உள்ளே என்ன இருக்கிறது என்று எழுத வேண்டும். "சீனிச்சம்பல்: மாசி உண்டு" என்று ஒரு அட்டை, மாசி போடாததற்கு வேறு அட்டை. மரக்கறி எல்லாவற்றையும் முதலில் பொரித்தெடுத்த பிறகுதான் மீன் சட்டிக்குள் போனது. மீன் ரோல்ஸ் நீளமாக, மரக்கறி உருண்டையாக. தூள் பிரட்டிப் பொரித்தால் இரண்டும் ஒரே மாதிரித்தானே இருக்கும், தட்டு மாறினாலும் கண்ணுக்குத் தெரியட்டும். பாத்திரத்துக்கு ஒரு கரண்டி. இதைச் சின்னப் பிள்ளைகளுக்குத்தான் முதலில் சொல்லிவை.

சோடாப் போத்தலில் 2016இலிருந்து சிவப்பு, மஞ்சள், பச்சை என்று சீனிக்கு நிறம் போடுகிறார்கள் அல்லவா, 100 மில்லிலீற்றரில் 11 கிராமுக்கு மேல் போனால் சிவப்பு. அதே மாதிரி மூத்த பேத்தி இனிப்புத் தட்டுகளுக்கெல்லாம் சிவப்புப் பொட்டு ஒட்டினாள், பெரியத்தானுக்காக. அவர் அப்படியும் இரண்டு எடுத்தார். அவரை விடு.

சரோ, நம் ஆட்கள் வாய் திறந்து கேட்க மாட்டார்கள். நாவலப்பிட்டி டீச்சரை நினைத்துப் பார். நம் வீட்டு விசேஷங்களுக்கு வந்தால் "வயிறு சரியில்லை" என்று ஒரு பிளேன்டீயோடு எழுந்துவிடுவார். இறைச்சி ஹலால் கடையில் வாங்கியதா, ஜெலி எதில் செய்தது என்று கேட்டு நம்மைச் சங்கடப்படுத்தக் கூடாது என்று பார்த்திருக்கிறார். இந்தத் தடவை "கடற்பாசியில் செய்தது" என்ற அட்டையை வாசித்துவிட்டு, தானே தட்டு நிறையப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தார். எனக்குத் தொண்டை அடைத்துவிட்டது. விருந்துக்கு வந்த மனுசி இத்தனை வருசம் பசியோடு போயிருக்கிறாரே.

இப்போது உன் மேசைக்கு வா. கோதுமை ஆகாதென்றால் பாணையும் ரொட்டியையும் தள்ளிவைத்தால் போதும் என்று நினைத்துவிடாதே. பிட்டிலும் அப்பத்திலும் அரிசி மாவோடு கோதுமை மா கலப்பவர்கள் உண்டு. சோயா சோஸில் கோதுமை. சாம்பாரில் போடுகிற கூட்டுப் பெருங்காயத்தில்கூடப் பெரும்பாலும் கோதுமை மாதான். லவ் கேக்கில் ரவையும் கஜுவும் இருக்கிறது, அதைத் தனி மேசையில் வை. மாப்பிள்ளையின் அக்காவுக்கு எடுத்த கரண்டி வேறு எதிலும் படக் கூடாது.

மண்டபத்துச் சமையல்காரரிடம் வாய்ப்பேச்சு வேண்டாம். எதில் என்ன போடுகிறார் என்று இப்போதே எழுதி வாங்கு. சம்பந்தி வீட்டில் வேறு யாருக்கு என்ன ஆகாது என்று கேட்டு, சாப்பாட்டுப் பட்டியலோடு எனக்கு அனுப்பு. நான் கல்யாணத்துக்கு இரண்டு நாள் முன்னாடியே பண்டாரவளைக்கு வந்துவிடுவேன். தடித்த பேனாவும் அட்டையும் என் பொறுப்பு. சிங்களத்தில் எழுத உன் சின்னவனைப் பிடித்து வை, அவன் கையெழுத்து முத்து முத்தாக இருக்கும்.

அன்புடன்,
மல்லி