ரிமாண்டில் இருப்பவருக்கு வக்கீல் யார்? – தமிழ்நாடு மாநில சட்டப்பணிகள் ஆணைக்குழுவுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய உறுப்பினர் செயலர் அவர்களுக்கு,

வணக்கம். மாவட்ட நீதிமன்றம் ஒன்றில் குற்ற வழக்குகள் நடத்துகிறேன். வசதியில்லாதவர்களுக்கு இலவசமாக வாதாட நீங்கள் வைத்திருக்கும் வக்கீல் பட்டியலிலும் (பேனல்) இருக்கிறேன்.

மக்கள் நீதிமன்றம் நடந்த மறுநாள் பேப்பரில் செய்தி வந்துவிடுகிறது: இத்தனை வழக்குகளுக்குத் தீர்வு, இத்தனை கோடி இழப்பீடு. மகிழ்ச்சிதான். ஆனால் சிறையில் இருக்கும் ஏழைக்கு நாம் நியமித்த வக்கீல் என்ன செய்தார் என்று யாரும் கேட்பதில்லை.

ஒன்றை மட்டும் சொல்கிறேன். கைதாகி ரிமாண்டில் இருப்பவர் மீது 60 நாளுக்குள் குற்றப்பத்திரிகை வராவிட்டால் ஜாமீன் அவருடைய உரிமை. மரணம், ஆயுள், பத்தாண்டு என்று போகும் பெரிய குற்றங்களுக்கு 90 நாள். கோர்ட்டில் டிஃபால்ட் பெயில் என்போம். ஆனால் கேட்டால்தான் உண்டு. கெடு முடிந்த பிறகும் மனுப் போடாமல் இருந்து, அதற்குள் போலீஸ் குற்றப்பத்திரிகையைத் தாக்கல் செய்துவிட்டால் அந்த உரிமை போய்விடும். காசு வாங்கிய வக்கீல் இந்தத் தேதியை டைரியில் குறித்து வைத்திருப்பார். சட்ட உதவி வழக்குகளில் யார் குறிக்கிறார்கள்? பல கைதிகளுக்கு வக்கீலின் பெயரே தெரியாது. காணொலியில் முகம் காட்டுகிறார்கள், வாய்தா தேதி சொல்லப்படுகிறது, அவ்வளவுதான்.

கட்டணம் குறைவு என்பது உண்மை. அதைவிட, அது கைக்கு வரும் காலதாமதம் மோசம். சிறைக்குப் போய்வரும் பஸ் செலவைக்கூட யோசிக்க வைக்கிறது. அதற்காகக் கட்சிக்காரரை நேரில் பார்க்காமலேயே வாதாடுவதை என்னால் நியாயப்படுத்த முடியவில்லை. மத்தியப் பிரதேசத்தில் 2013இல் ஒரு கொலை வழக்கில், வக்கீலை நியமித்த அன்றே குற்றச்சாட்டைச் சுமத்தி, இரண்டு வாரத்தில் தூக்குத் தண்டனை கொடுத்தார்கள். 2019இல் உச்ச நீதிமன்றம் அதை ரத்து செய்து மறுவிசாரணைக்கு அனுப்பியது. ஆயுள் அல்லது மரண தண்டனைக்கு வாய்ப்புள்ள வழக்குகளில் குறைந்தது பத்தாண்டு அனுபவம் உள்ளவரைத்தான் நியமிக்கப் பரிசீலிக்க வேண்டும், தயாராகப் பொதுவாக ஏழு நாளாவது தர வேண்டும் என்றும் சொன்னது. நம் தாலுகா நீதிமன்றங்களில் ரிமாண்டுக்கு வரும் செல்போன் திருட்டு வழக்குக்கு அந்த ஏழு நாளில் ஒரு நாளாவது கிடைக்கட்டும்.

சட்ட உதவி வழக்குகளுக்கான 2022 திட்டப்படி சம்பளத்துக்கு அமர்த்தப்படும் முழுநேர வக்கீல்கள் நல்ல மாற்றம்தான். ஆனால் தலைக்கு இத்தனை வழக்குதான் என்று வரம்பு வைக்காவிட்டால் அவர்களும் வாய்தா வாங்குபவர்களாகத்தான் ஆவார்கள்.

புதிய சட்டம் எதுவும் நான் கேட்கவில்லை. தேசிய சட்டப்பணிகள் ஆணைக்குழுவின் 2010 ஒழுங்குமுறைகளே கண்காணிப்புக் குழு வைக்கச் சொல்கின்றன, வழக்கின் நடப்பைப் பதிவேட்டில் எழுதச் சொல்கின்றன. அந்தப் பதிவேட்டில் இரண்டு தேதிகளைச் சேருங்கள்: வக்கீல் கட்சிக்காரரை முதன்முதலில் நேரில் பார்த்த நாள், 60 அல்லது 90 நாள் முடியும் நாள். ரிமாண்ட் ஆன அன்றே கைதியின் கையிலும் அவர் வீட்டாரிடமும் வக்கீலின் பெயர், போன் நம்பர், அடுத்த வாய்தா எழுதிய தமிழ்ச் சீட்டு ஒன்று போய்ச் சேரட்டும். வழக்கு முடிந்ததும், வக்கீலுக்குப் பணம் பட்டுவாடா செய்யும் முன், கட்சிக்காரரிடமும் ஒரு வார்த்தை கேளுங்கள். எழுதப் படிக்கத் தெரியாதவரிடம் சட்டத் தன்னார்வலர் கேட்டு எழுதிக்கொள்ளலாம்.

முதலில் ஒரு மாவட்டத்தில் ஆரம்பியுங்கள். சீட்டும் படிவமும் தயாரிக்க எங்கள் ஊர் வக்கீல்கள் சிலர் வரத் தயார்.

இப்படிக்கு,
ஒரு பேனல் வக்கீல்