மழை நாளும் லீவுக் கணக்கும்

ஐயா,

தரையில் பதிக்கும் ஆத்தங்குடிக் கல் செய்யும் பட்டறையில் கண்ணாடி மேல் அச்சு வைத்துச் சாயம் ஊற்றுகிறேன். ஐப்பசி, கார்த்திகையில் கல் காயாது. வாரம் இரண்டு நாள் வேலை கிடைத்தால் பெரிசு. போன வருஷம் வீட்டுக் காலண்டரில் சுழித்துச் சுழித்து எண்ணியதில் 196 நாள் வேலை. அரைநாள் வேலையைச் சேர்க்கவில்லை, அது தனி வயிற்றெரிச்சல்.

சம்பளத்தோடு லீவு கேட்டால், "240 நாள் வந்தியா?" என்கிறார் கணக்குப்பிள்ளை. அது 1948 தொழிற்சாலைகள் சட்டத்துக் கணக்கு. 2020ஆம் ஆண்டுத் தொழில் பாதுகாப்புச் சட்டத் தொகுப்பில் 180 நாளே போதும். 20 நாள் வேலைக்கு ஒரு நாள் லீவு. லீவுக் கணக்கில் வரும் மிச்சம் அரைநாளைத் தொட்டால் முழுநாள். எனக்கு 9.8, அதாவது 10 நாள்.

தொழிலாளர் துறை அதிகாரிகள் பட்டறைப் பதிவேடுகளை வந்து பார்க்க வேண்டும். காலண்டரைப் பத்திரமாக வைத்திருக்கிறேன்.

கல் பட்டறைத் தொழிலாளி,
ஆத்தங்குடி