தாய் டவுன்ல இருக்கற புள்ளைக்கு

தம்பி,

சாப்டியா? ஞாயித்துக்கிழம நீ வாட்ஸப்ல போட்ட வாய்ஸ் நோட்ட ரெண்டு தடவ கேட்டேன். முதல் தடவ கோவம் வந்துச்சு, ரெண்டாவது தடவ சிரிப்பு வந்துச்சு. போன்ல பதில் சொன்னா "ம்மா மீட்டிங்மா"ன்னு கட் பண்ணிடுவ, அதான் உக்காந்து டைப் பண்றேன், கண்ணாடி வேற மாத்தணும், எழுத்துப்பிழை இருந்தா கண்டுக்காத.

நீ சொன்னது இதான். இங்க லாஸ் ஏஞ்சலஸ் தாய் டவுன்ல தாய்லாந்து ஆளுங்க சத்தமே போடாம கடைய வச்சு உழைச்சு செட்டில் ஆயிட்டாங்க, உங்க மிச்சிகன் டியர்பார்ன் அரபு ஆளுங்க எப்ப பாரு கொடி, கூட்டம், எலெக்ஷன், நாமளும் தாய் ஆளுங்க மாதிரி கம்முனு இருந்துட்டா நமக்கு நல்லது. உங்கப்பா இதக் கேட்டுட்டு "கரெக்டா தானே சொல்றான்"னாரு. அவருக்கு தனியா குடுத்துட்டேன், இது உனக்கு.

நான் இங்க வாரன் அவென்யூல வருமான வரி கணக்கு போட்டுக் குடுக்கற டாக்ஸ் ஆபீஸ்ல பதினோரு சீசன் முடிச்சுட்டேன் தெரியும்ல. ஒரு குடும்பத்தோட டபிள்யூ-2வும் (சம்பளச் சீட்டு) செட்யூல் சி-யும் (சொந்தத் தொழில் கணக்கு) கையில வந்துச்சுன்னா ஜாதகக் கட்டம் பாத்த மாதிரி, யாரு எங்க உக்காந்திருக்காங்க, யாரு வீட்டுல எந்த கிரகம் படுத்துதுன்னு புரிஞ்சுடும். அந்த தைரியத்துல சொல்றேன், "அரபு ஆளுங்க"ன்னு ஒரே ஆளு கிடையாது. காலைல ஒரு லெபனான்காரர் வருவாரு, அவங்க தாத்தா ஃபோர்டு கார் கம்பெனி நாளைக்கு அஞ்சு டாலர் கூலி அறிவிச்ச 1914 காலத்துல வந்தவரு, பேரன் இப்ப டென்டிஸ்ட், ரெண்டு வாடகை வீடு வேற. மத்தியானம் ஒரு யேமன்காரர், அதே ஃபோர்டு ரூஜ் பிளான்ட் பக்கத்துல சவுத் என்ட்ங்கற பேட்டையில இருக்காரு, ஆறு புள்ளைங்க, ஒரே சம்பளம். சாயங்காலம் ஒரு ஈராக் குடும்பம், 1991 போருக்கு அப்புறம் சவுதியில ரஃப்ஹா அகதி கேம்ப்ல வருஷக்கணக்கா கிடந்துட்டு வந்தவங்க. இந்த மூணையும் ஒரே டப்பால போட்டு சராசரி எடுத்தா என்ன வரும்? சென்சஸ்காரங்க 2006லேருந்து 2010 வரைக்கும் எடுத்த கணக்குல அரபு குடும்பங்கள வரிசையா நிறுத்துனா நடுவுல வர்ற குடும்பத்தோட வருஷ வருமானம் 56 ஆயிரம் டாலர் சொச்சம், அமெரிக்கா மொத்தத்துக்கு அப்ப 52 ஆயிரம். ஆஹா நல்லா இருக்காங்களேன்னு தோணும். பிரிச்சுப் பாரு, லெபனான் குடும்பம் 67 ஆயிரம், ஈராக் குடும்பம் 32 ஆயிரம். பாதிக்கும் கம்மி டா! (கால்டியன்னு சொல்ற கிறிஸ்தவ ஆளுங்களும் ஈராக்லேருந்து வந்தவங்கதான், டெட்ராய்ட்ல பாதி பார்ட்டி ஸ்டோர், அதான் பீர், நொறுக்குத்தீனி விக்கற கடை, அவங்களோடது, ஆனா அவங்கள அரபுன்னு சொல்லிடாத, சண்டைக்கு வருவாங்க. நான் வாங்கிக் கட்டிக்கிட்டேன்.)

ஏன் இந்த வித்தியாசம்னா, எந்த வாசல் வழியா உள்ள வந்தாங்கங்கறதுதான். தாய் ஆளுங்களுக்கும் அதேதான் கதை. நீ பாக்கறது ஹாலிவுட் புலவார்ட்ல இருக்கற கடை முகப்ப. முதல்ல வந்தது யாரு? 1965ல குடியேற்றச் சட்டம் மாறுனதுக்கு அப்புறம் படிக்க வந்த பசங்க, ஆஸ்பத்திரிக்கு எடுத்த நர்ஸுங்க. அப்புறம் வியட்நாம் போர் நேரத்துல தாய்லாந்துல உடோன், ஊ-தபாவ்னு ஊர்கள்ல எல்லாம் அமெரிக்க விமானப்படை இருந்துச்சுல்ல, அங்க சிப்பாய்ங்கள கட்டிக்கிட்டு வந்த பொண்ணுங்க. அதனாலதான் இன்னைக்கும் தாய்லாந்துலேருந்து வந்தவங்கள்ல பாதிக்கு ரொம்ப மேல பொம்பளைங்க. அமெரிக்கா முழுக்க மொத்தமே சுமார் மூணு லட்சம் பேரு, ஆனா ரெஸ்டாரன்ட் மட்டும் ஐயாயிரத்துக்கு மேல. இது வெறும் உழைப்பால வந்ததுன்னு நினைச்சியா, பின்னாடி ஒரு கவர்மென்ட்டே நின்னுச்சு. 2002 வாக்குல தாய்லாந்து அரசாங்கமே திட்டம் போட்டு, உலகத்துல அப்ப இருந்த 5,500 தாய் ரெஸ்டாரன்ட்ட 8,000 ஆக்கணும்னு சமையல்காரங்களுக்கு டிரெய்னிங், லோன்னு இறங்குனாங்க. யேமன்காரனுக்கு யாரு டா லோன் குடுப்பா, அவன் நாட்டுல இருந்த அமெரிக்க எம்பசிய 2015லயே மூடியாச்சு.

அந்த எம்பசி கதைய சொல்லியே ஆகணும். எம்பசி மூடுனதும் யேமன் ஆளுங்க பொண்டாட்டி புள்ளைங்களுக்கு விசா வாங்க கடலத் தாண்டி ஆப்பிரிக்காவுல ஜிபூட்டி நாட்டுக்குப் போவணும், அங்க ரூம் எடுத்து தங்கி மாசக்கணக்கா காத்திருக்கணும். 2017 ஜனவரி 27ம் தேதி டிரம்ப் ஏழு நாட்டுக்கு தடை போட்டாருல்ல, அப்ப சரியா எங்க சீசன் ஆரம்பம். ஒரு ஆளு, கேஸ் ஸ்டேஷன்ல ராத்திரி ஷிஃப்ட், என் முன்னாடி உக்காந்து இங்க ஒரு வாடகை அங்க ஒரு வாடகைன்னு கணக்கு சொல்றாரு, ஜிபூட்டி வாடகைய கழிக்க முடியுமான்னு கேக்கறாரு. முடியாதுன்னேன். சரின்னு தலையாட்டிட்டு கையெழுத்து போட்டாரு. அந்த வாரம் இந்தத் தடைய எதிர்த்து நியூயார்க்ல யேமன்காரங்க ஆயிரம் மளிகைக் கடைக்கு ஷட்டர் இறக்குனாங்க. நீ சொல்ற "சத்தம்" அதுதான். அந்த ஆளு குடும்பம் வந்து சேர 2021 ஆயிடுச்சு, பெரிய பொண்ணுக்கு அதுக்குள்ள பள்ளிக்கூட வயசே முடிஞ்சு போச்சு.

இன்னொண்ணு, இந்த ஊர்ல அவங்க சும்மா இருந்த காலமும் உண்டு டா. 1985ல மேயர் எலெக்ஷனுக்கு நின்னவரு வீடு வீடா நோட்டீஸ் அனுப்புனாரு, அதுல "அரபு பிரச்சனை"ன்னே தலைப்பு, அவருதான் ஜெயிச்சாரு. அதே ஊர்ல 2021ல அப்துல்லா ஹம்மூத்னு ஒரு அரபுக்காரரே மேயர் எலெக்ஷன்ல ஜெயிச்சாரு. நடுவுல முப்பத்தாறு வருஷம். சவுத் என்ட்ல 1971ல ஒரு சின்ன கடை ரூம்ல ஆக்சஸ்னு ஒரு உதவி அமைப்பு ஆரம்பிச்சு, ஃபார்ம் நிரப்பிக் குடுக்கறது, இங்கிலீஷ் சொல்லித் தர்றது, வேலைக்கு அனுப்பறதுன்னு கொஞ்சம் கொஞ்சமா ஏறுனதுதான். ஸ்கூல் கேன்டீன்ல ஹலால் சாப்பாடு, 2022ல அரபில ஓட்டுச்சீட்டு, எல்லாம் கேட்டு கேட்டு வாங்குனது.

இதுல பெரிய வேடிக்கை என்னன்னா கவர்மென்ட் கணக்குல இவங்க எல்லாரும் வெள்ளைக்காரங்க! 1915ல ஜார்ஜ் டவ்னு ஒரு சிரியாக்காரரு குடியுரிமைக்காக கோர்ட்டுக்குப் போய் நாங்க வெள்ளைதான்னு தீர்ப்பு வாங்குனாரு, அப்ப அது வேணும், வெளிநாட்டுலேருந்து வந்தவங்க வெள்ளையாவோ ஆப்பிரிக்க வம்சமாவோ இல்லன்னா சிட்டிசன் ஆக முடியாது. ஆனா அந்த ஒரு தீர்ப்பு நூறு வருஷம் ஒட்டிக்கிச்சு, வெள்ளைன்னு எழுதிட்டா சின்னத் தொழில் கடன், ஆஸ்பத்திரி ஆராய்ச்சி எதுலயும் தனியா எண்ணிக்கை கிடையாது. 2020 சென்சஸ்ல தேசம் என்னன்னு எழுத ஒரு கோடு குடுத்ததாலதான் டியர்பார்ன்ல பாதிக்கு மேல இவங்கன்னு எழுத்துல வந்துச்சு. தனிக் கட்டம் வேணும்னு ரூல் மாறுனது 2024 மார்ச்லதான். தாய் ஆளுங்களுக்கு உல்டா. ஏசியன்னு பெரிய கட்டம் இருக்கு, அதுக்குள்ள சீனா, இந்தியா கூட்டத்துல இவங்க காணாமப் போயிட்டாங்க. ஏசியன்னா பணக்காரன், படிச்சவன்னு ஒரு பேரு. நம்ம ஐடி சம்பளத்தையும் சேர்த்துதான் டா அந்த சராசரி, உன் சம்பளம்தான் கிச்சன்ல நூடுல்ஸ் வதக்கறவரு கஷ்டத்த மறைக்குது.

சத்தம் போடாம இருந்தா என்ன ஆகும்னு கேட்டியே. உன் வீட்டுலேருந்து கிழக்கால அரை மணி நேரம் காரோட்டுனா எல் மான்ட்டி. அங்க ஒரு அபார்ட்மென்ட்ல 1995 ஆகஸ்ட் 2ம் தேதி போலீஸ் நுழைஞ்சப்ப 72 தாய் ஆளுங்க உள்ள இருந்தாங்க, சுத்தி முள்கம்பி, காவலுக்கு ஆளு. ஏஜென்ட் நல்ல வேலைன்னு கூட்டிட்டு வந்து, டிக்கெட் கடன்னு சொல்லி பூட்டிட்டான். ஒரு நாளைக்கு பதினேழு மணி நேரம் தையல், சிலர் ஏழு வருஷம் வெளிய வரல. நல்லா கேளு, அவங்க தெச்ச துணி ஊர்ல பெரிய கடைகள்ல தொங்குச்சு. பக்கத்துல குடியிருந்தவங்களுக்கு ஒண்ணும் தெரியல. அந்த கேஸுக்காக ஓடுன தாய் சிடிசிங்கற தாய் ஆளுங்களோட உதவி அமைப்பு 1994லதான் ஆரம்பிச்சிருந்துச்சு, அவங்கதான் அப்புறம் சிட்டி கவுன்சில்ல போய் நின்னு 1999ல அந்த ஆறு பிளாக்குக்கு தாய் டவுன்னு பேரு வாங்குனாங்க. நீ தெனம் பாக்கற அந்த போர்டே சத்தம் போட்டு வாங்குனதுதான் டா மடையா! (போன வருஷம் வந்தப்ப அந்த போர்ட பாத்துட்டு, தாய்க்குன்னு ஒரு டவுனா, நம்மள யாரு மதிக்கறான்னு நான் சிரிச்சேன், நீ மொறச்ச.)

சரி, நான் சொல்ல வந்தது உன் கீழ் வீட்டு அக்கா பத்தி. நீ ஆபீஸ் போனதும் நானும் அவங்களும் படிக்கட்டுல உக்காந்து பேசுவோம், அவங்க இங்கிலீஷும் என் இங்கிலீஷும் சம்பந்திங்க மாதிரி, ஒண்ணுக்கொண்ணு விட்டுக்குடுத்துக்கும். தமிழ்னதும் "வாத் கேக், வாத் கேக்"ன்னாங்க, பாங்காக் சீலோம்ல நம்ம மாரியம்மன் கோயிலுக்கு அங்க அதான் பேராம். ஒரு நாள் நோட்டு ஒண்ண வச்சு பேரா எழுதிட்டு இருந்தாங்க, எட்டிப் பாத்தா அச்சு அசல் சீட்டு நோட்டு! அவங்க அதுக்கு "ஷேர்"ன்னு பேரு வச்சிருக்காங்க, மாசா மாசம் பணம் கட்டி, யாருக்கு அவசரமோ அவங்க அதிக வட்டி சொல்லி எடுத்துக்கலாம். நம்ம ஏலச்சீட்டு டா, உறையூர்ல உங்க பாட்டி நடத்துனது. இங்க டியர்பார்ன்ல அரபு பொம்பளைங்களும் போடறாங்க, ஜம்இய்யான்னு பேரு, ஆனா அவங்களுக்கு வட்டி ஆகாது, அதனால முறை வச்சோ குலுக்கல்லயோ யாருக்கு வருதோ முழுசா எடுத்துக்கணும், ஒரு பைசா தள்ள மாட்டாங்க. நான் மூணு வருஷமா ஒண்ணுல இருக்கேன், உங்கப்பாவுக்குத் தெரியாது. பேங்க் வாசல்ல நிக்க விடாத ஆளுங்க எல்லாம் கடை வச்சது, மகள கட்டிக்குடுத்தது இந்த நோட்டாலதான். பேங்க் லோன்ல வந்த கடைன்னு நினைக்கிறியே, அந்த வீதியில எத்தன கடைக்கு அடியில சீட்டுப்பணம் இருக்குன்னு அந்த அக்காகிட்ட கேளு.

அவங்க உன்கிட்ட சொல்லாதத என்கிட்ட சொன்னாங்க. இருபத்திரண்டு வருஷம் ஒரு ரெஸ்டாரன்ட் கிச்சன்ல நின்னாங்க, சம்பளத்துல முக்கால்வாசி கேஷ். சோஷியல் செக்யூரிட்டி பென்ஷனுக்கு நாப்பது கிரெடிட் வேணும், அதாவது பத்து வருஷம் கணக்குல காட்டுன வேலை. அவங்க பேப்பர எடுத்துட்டு வரச்சொல்லி பாத்தேன், இருபத்தாறுதான் இருக்கு. அறுபத்திமூணு வயசு. முதலாளியும் தாய்தான், நல்லவருதானாம், கோயில்ல தெனம் பாக்கறவங்கள எப்படி கேக்கறதுன்னு கேக்கவே இல்லையாம். இங்க என் ஆபீஸ்லயும் இதே மாதிரிதான் அரபு அம்மாங்க வருவாங்க, புருஷன் கடையில முப்பது வருஷம் கல்லாவுல உக்காந்திருப்பாங்க, பேப்பர்ல ஹவுஸ்வைஃப், கிரெடிட் பூஜ்யம். புருஷன் பேர்ல பாதி வரும், அவரு விட்டுட்டுப் போனா சண்டை. அரபு வீட்டுல பொம்பளைங்க வேலைக்குப் போறது கம்மி, தாய் வீட்டுல பொம்பளைதான் சம்பாதிச்சு ஊருக்கும் அனுப்பறது, நீ படிக்கற கட்டுரைல எல்லாம் இத எதிரும் புதிருமா வச்சு எழுதுவான். என் டேபிளுக்கு வந்தா ரெண்டு பேர் நோட்டுலயும் அதே ஓட்டை.

அதனால உன்கிட்ட ஒரு வேலை. அந்த அக்கா பேப்பர என்கிட்ட இன்னும் கொஞ்சம் அனுப்பணும், பழைய டபிள்யூ-2 எங்கயாவது பெட்டில கிடக்கும், நீ போய் கூட உக்காந்து தேடிக்குடு. கூச்சப்படுவாங்க, பாவம், நான் சொன்னேன்னு சொல்லு. காணாம போன வருஷம் ஏதாவது கணக்குல சேத்தா பதினாலு கிரெடிட்ல பாதியாவது தேறும், மிச்சத்துக்கு ரெண்டு வருஷம் செக் சம்பளத்துல வேலை பாத்தா போதும்.

ஏப்ரல் 15 வரைக்கும் என்னால நகர முடியாது, உனக்கே தெரியும். சித்திரை ஒண்ணாம் தேதியும் ஆபீஸ்லதான். 17ம் தேதிக்கு டிக்கெட் போட்டிருக்கேன், அவங்களுக்கும் சோங்க்ரான், அதான் தாய் புத்தாண்டு, அந்த வாரக்கடைசி நார்த் ஹாலிவுட் வாட் தாய் கோயிலுக்குக் கூட்டிட்டுப் போறேன்னு சொல்லியிருக்காங்க. அங்க சாப்பாட்டுக் கடையில காசு வாங்க மாட்டான், டோக்கன் எடுக்கணும், போன தடவ நீ கம்மியா எடுத்துட்டு என்ன மறுபடி கியூல நிக்க வச்ச, இந்த தடவ நெறைய எடு.

அம்மா