ஏழூர் பல்லக்குக்கு வந்துவிடு

அன்புள்ள தம்பிக்கு,

போனில் 'ம்', 'சரிம்மா' என்று இரண்டு வார்த்தையில் முடித்துவிடுகிறாய், அதனால்தான் கடிதம். நேரத்துக்குச் சாப்பிடுகிறாயா? தினமும் ஹோட்டல் சாப்பாடு உன் வயிற்றுக்கு ஆகாது.

சித்திரை விசாகம் வருகிறது, நம் ஏழூர் பல்லக்குத் திருவிழா. மேட்டூர் அணையை ஜனவரி 28-ல் மூடினதோடு சரி, குடமுருட்டி ஆற்றில் பொட்டுத் தண்ணீர் இல்லை. இந்த வருஷமும் மணலில் இறங்கித்தான் பல்லக்கைத் தூக்கி வர வேண்டும். திருவையாற்று ஐயாறப்பர் கண்ணாடிப் பல்லக்கிலும், மாப்பிள்ளை நந்தியும் பெண் சுயசாம்பிகையும் வெட்டிவேர்ப் பல்லக்கிலும் புறப்பட்டு, திருப்பழனத்துச் சாமியையும் சேர்த்துக்கொண்டு நம் சோற்றுத்துறைக்கு வருவார்கள். கரையிலிருந்து இறங்கும்போது பல்லக்கு ஒரு பக்கமாகச் சாயும் பார், எத்தனை வருஷம் பார்த்தாலும் எனக்கு அடிவயிறு கலங்கும். தூக்குகிறவர்களுக்கு ஒன்றும் ஆகாது. தோளில் துண்டை மடித்து வைத்துக்கொண்டு சுடுமணலில் ஓட்டமும் நடையுமாகப் போய்க்கொண்டே இருப்பார்கள்.

போன வருஷமும் லீவு இல்லை என்றாய். உங்கப்பா டீக்கடையில், "என் பையன் இல்லாமல் அந்தக் கம்பெனி ஒரு நாள் நகராது" என்கிறார். பெருமைதான், இருக்கட்டும். ஆனால் சாமி வாசலுக்கு வரும் நாளில் வீட்டுப் பிள்ளை இல்லை என்றால் நாலு பேர் கேட்கமாட்டார்களா?

நந்தி கல்யாணத்துக்குப் பழனம் பழம் கொடுத்தது, நம்மூர் சோறு போட்டது, வேதிகுடியிலிருந்து வேதியர்கள், கண்டியூரிலிருந்து நகை, பூந்துருத்தியிலிருந்து பூ, நெய்த்தானத்திலிருந்து நெய். அதற்கு மரியாதை செய்யத்தான் பெண்ணையும் மாப்பிள்ளையையும் ஊர் ஊராக அழைத்து வருகிறார்கள் என்பாள் உன் ஆயா. பங்குனி புனர்பூசத்தில் திருமழபாடியில் தாலி கட்டினது, ஒரு மாசத்துக்குக் கொஞ்சம் மேலேதான் ஆகிறது, அதற்குள் இந்த வெயிலில் ஏழு ஊர்! ஆனாலும் சின்னஞ்சிறுசுகளைத் தனியாக விட்டுவிடவில்லை. ஐயாறப்பரும் கூடவேதான் வருகிறார்.

'நந்தி கல்யாணம் முந்திக் கல்யாணம்' என்று உன்னை மழபாடிக்கு இழுத்துக்கொண்டு போனது நான்தான். அடுத்த வருஷமே உனக்கு முடிந்தது. அவளுக்கும் அந்தக் கூட்டம், மேளம் எல்லாம் பிடிக்கும். வந்த முதல் வருஷம் நீர்மோர்ப் பந்தலில் டம்ளர் டம்ளராக அவள்தான் எடுத்துக் கொடுத்தாள்.

போன வாரம் கண்டியூர் கடைத்தெருவில் சம்பந்தியம்மாவைப் பார்த்தேன். பார்த்தும் பார்க்காத மாதிரி போய்விட்டார்கள். நானும் ஒன்றும் கேட்டுக்கொள்ளவில்லை.

அப்புறம், ராத்திரி கண் விழிக்காதே. நேரத்துக்குச் சாப்பிடு. நான் வேண்டுமானால் ஒரு பத்து நாள் அங்கே வந்து இருக்கட்டுமா? உங்கப்பாவுக்கு அக்கா வந்து பொங்கிப் போடுவாள். நான் எதுவும் பேசமாட்டேன், சமைத்து வைத்துவிட்டு என் பாட்டுக்கு இருப்பேன்.

இல்லை, நீ இங்கே வருவதாக இருந்தால் இப்போதே டிக்கெட் போட்டுவிடு, திருவிழா சமயத்தில் கிடைக்காது. இரண்டு டிக்கெட்டாகப் போடு. ஒன்றுதான் என்றாலும் வா.

அன்புடன்,
அம்மா