சிகிச்சை தரும் மருத்துவர்களுக்கு: ஓபி சீட்டில் இன்னும் நாலு வரி

சென்னையின் அரசு மருத்துவமனைகளிலும் தனியார் கிளினிக்குகளிலும் நரம்பியல், எலும்பு, கண், காது, மனநலப் பிரிவுகளில் நோயாளிகளைப் பார்க்கும் மருத்துவர்களுக்கு வணக்கம்.

நான் மருத்துவத் துறைக்காரன் அல்லன். நீதிமன்றத்தில் தட்டச்சராக இருந்து ஓய்வுபெற்றவன், வியாசர்பாடியில் குடியிருக்கிறேன். அக்கம்பக்கத்தாருக்கு மாற்றுத்திறனாளி அடையாள அட்டைக்கும் உதவித்தொகைக்கும் விண்ணப்பம் நிரப்பிக் கொடுக்கிறேன். காசு வாங்குவதில்லை, காபி கொடுத்தால் மறுப்பதில்லை. இந்த வேலையால் உங்கள் கையெழுத்து எனக்கு நன்றாகப் பழகிவிட்டது. சட்டைப் பையில் வியர்வை ஊறி, மடிப்பில் கிழிந்து வரும் ஓபி சீட்டுகளை மேசைமேல் விரித்து வைத்துப் படிக்கிறேன். நோயின் பெயர் இருக்கிறது. மாத்திரையும் அளவும் இருக்கின்றன. அடுத்து எப்போது வர வேண்டும் என்பதும் இருக்கிறது. அந்த ஆளால் என்னென்ன செய்ய முடியவில்லை என்பதை மட்டும் தேடித்தேடிப் பார்த்தாலும் காண முடிவதில்லை. அதை எழுதுங்கள் என்று கேட்கத்தான் இந்த மடல்.

சான்று வழங்கும் முறை உங்களுக்குத் தெரியாததில்லை. ஆனாலும் சிகிச்சை தருபவர் ஒருவர், இயலாமை எத்தனை சதவீதம் என்று போடுபவர் வேறொருவர் என்பதால், நடுவில் காகிதம் படும் பாடு உங்கள் கண்ணுக்குப் படாமல் போயிருக்கலாம். 2016-ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 21 வகைக் குறைபாடுகளைப் பட்டியலிட்டிருக்கிறது. பயன்களில் பெரும்பாலானவற்றுக்கு 40 சதவீதம் என்பது வாசற்படி. விண்ணப்பம் இணையதளம் வழியாகப் போகிறது. உங்கள் சீட்டும் டிஸ்சார்ஜ் சம்மரியும் ஸ்கேன் செய்யப்பட்டு அதனுடன் போகின்றன. பிறகு ஒருநாள், சதவீதத்தை முடிவு செய்யும் மருத்துவர் குழுவான மெடிக்கல் போர்டு முன்னால் ஆளை நிறுத்த வேண்டும். போர்டில் உட்கார்ந்திருப்பவர் அவரை வாழ்க்கையில் முதன்முறையாகப் பார்க்கிறார். வெளியே வரிசை நிற்கிறது. சில நிமிடங்களில் அவர் பார்ப்பதும், கையில் இருக்கும் தாளும்தான் அவருக்கு ஆதாரம். அந்தத் தாளை எழுதியவர் நீங்கள்.

கோயம்பேட்டில் மூட்டை தூக்கிக்கொண்டிருந்து பக்கவாதம் வந்த ஒருவரின் டிஸ்சார்ஜ் சம்மரி என் மேசைக்கு வந்தது. எந்த மருத்துவமனை என்பதை விட்டுவிடுவோம். மூன்று பக்கம். சேர்த்த அன்று ரத்த அழுத்தம் எவ்வளவு, சர்க்கரை எவ்வளவு, மூளை ஸ்கேனில் எந்தப் பகுதியில் அடைப்பு, எந்த ஊசி எத்தனை நாள் போடப்பட்டது, எல்லாம் ஒழுங்காகத் தட்டச்சு செய்யப்பட்டிருந்தன. தொழில்முறையில் சொல்கிறேன், பிழையில்லாத தாள். கடைசி வரி, அவர் நல்ல நிலையில் வீட்டுக்கு அனுப்பப்பட்டதாகச் சொல்லியது. உயிர் பிழைத்தார் என்ற அளவில் அது உண்மைதான். என் எதிரில் அமர்ந்திருந்தவரோ சட்டையின் மேல் பொத்தானை மனைவி போட்டுவிட்டால்தான் வெளியே வர முடிகிறவர். அவர்கள் வீட்டில் இந்தியக் கழிப்பறை. குந்தி உட்கார முடியாததால் பிளாஸ்டிக் நாற்காலியில் ஓட்டை போட்டு வைத்திருக்கிறார்கள். வலது கையால் சோற்றைப் பிசைய முடியவில்லை, கரண்டியும் நழுவுகிறது. மூன்று பக்கத்தில் இதில் ஒன்றுகூட இல்லை.

இத்தனைக்கும் நரம்பியல் குறைபாடுகளுக்கான மத்திய அரசின் மதிப்பீட்டு நெறிமுறையே, அளக்க வேண்டியது நோயை அல்ல, அது உடம்பில் விட்டுச்சென்ற விளைவை என்றுதான் சொல்கிறது. நோய் வந்து ஆறு மாதம் கழிந்த பிறகே அளக்க வேண்டும் என்றும் சொல்கிறது. அப்படியானால் பாதிப்பு தொடங்கிய தேதி எவ்வளவு முக்கியம்! தொடர் சிகிச்சைச் சீட்டுகளில் அந்தத் தேதியே காணாமல் போய்விடுகிறது. "அதே மருந்தைத் தொடரவும்" என்பதற்கான மூன்று எழுத்துச் சுருக்கம் வரிசையாக மாதாமாதம் விழுந்திருக்கும். பழைய சம்மரி மழையில் நனைந்து போன குடும்பங்கள் வடசென்னையில் ஏராளம். 2015 வெள்ளத்திலும் 2023 டிசம்பர் வெள்ளத்திலும் அலமாரியின் கீழ்த்தட்டோடு போன காகிதங்கள் எத்தனை என்று யாரும் கணக்கெடுக்கவில்லை. ஒவ்வொரு சீட்டின் தலையிலும் பாதிப்பு தொடங்கிய மாதத்தையும் ஆண்டையும் ஒருமுறை எழுதிவிட்டால், எது தொலைந்தாலும் ஏதோ ஒன்று மிஞ்சும்.

உடல் அசைவை மெல்ல மெல்ல முடக்கும் பார்க்கின்சன் நோய் வந்தவர்களின் நிலைமை இன்னும் விசித்திரமானது. நாள்பட்ட நரம்பியல் நோய் என்ற தலைப்பில் அது சட்டத்தின் பட்டியலிலேயே இருக்கிறது. போர்டுக்குப் போகிற அன்று காலையில் என்ன நடக்கும்? பெரியவர் ஆட்டோவில் ஏற வேண்டும், படியேற வேண்டும், வரிசையில் நிற்க வேண்டும். எனவே வீட்டார் நேரம் பார்த்து லெவோடோபா மாத்திரையைக் கொடுத்துக் கூட்டிச்செல்கிறார்கள். மருந்து வேலை செய்யும் சில மணி நேரம் அவர் ஓரளவு நடக்கிறார், பேனா பிடிக்கிறார். அந்த நேரத்தில் பெயர் கூப்பிடப்பட்டால், போர்டு பார்ப்பது நன்றாக நடமாடும் ஒரு முதியவரை. மருந்தின் வேகம் தணிந்ததும் வாசற்படியில் கால் ஒட்டிக்கொண்டதுபோல் நின்றுவிடுவதையும், இரவில் படுக்கையில் புரண்டு படுக்கத் துணை வேண்டியிருப்பதையும் அவர்கள் பார்க்க வழியில்லை. மருந்தைக் கொடுக்காமல் அழைத்துப்போங்கள் என்று அந்தக் குடும்பத்துக்கு நான் சொல்ல முடியுமா? சொல்லவும் கூடாது, அது ஆபத்து. ஆனால் மருந்து இருக்கும் நேரம், இல்லாத நேரம் இரண்டிலும் அவர் எப்படி இருக்கிறார் என்பதை மாதந்தோறும் கேட்டுத்தான் நீங்கள் அளவை மாற்றுகிறீர்கள். கேட்டதை எழுதி வைத்தால் என்ன?

மனநல மருத்துவர்களே, உங்களிடம் இதே கேள்வியை வேறு விதமாகக் கேட்க வேண்டும். மகனைப் போர்டுக்கு அழைத்துச்செல்லும் தாய், ஊரார் பார்வைக்குப் பயந்து அவனைக் குளிக்க வைத்து, தலை வாரி, இஸ்திரி போட்ட சட்டை மாட்டித்தான் கூட்டிச்செல்வாள். அவன் மாதக்கணக்கில் தானாகக் குளித்ததில்லை என்பது அந்தச் சட்டையில் தெரியாது. மனநோயால் வரும் இயலாமையை அளக்கும் இந்திய அளவுகோலில் கேட்கப்படுபவை நான்கு: தன்னைத் தான் கவனித்துக்கொள்வது, மற்றவர்களோடு பழகுவது, பேசிப் புரிந்துகொள்வது, வேலை. இவற்றோடு நோய் எத்தனை காலமாக இருக்கிறது என்பதும் சேர்கிறது. ஒவ்வொன்றுக்கும் ஒரு வரி. நோயின் பெயரும் நான்கு மாத்திரைகளும் மட்டும் உள்ள சீட்டைக் கொண்டுபோனால், எதிரில் உள்ளவர் அந்தத் தாயின் வாய்மொழியை நம்புவதா, இஸ்திரி போட்ட சட்டையை நம்புவதா?

கண், காது மருத்துவர்கள் மேல் எனக்கு அவ்வளவு குறையில்லை. நீங்கள் எண்ணில் பேசுகிறீர்கள். கண்ணாடி போட்ட பிறகு இருக்கும் பார்வை எவ்வளவு என்பதையும், இரண்டு காதுக்கும் தனித்தனி டெசிபல் கணக்கையும் விடாமல் எழுதினால் போதும். கண்ணாடி போடாத பார்வையை மட்டும் குறித்த சீட்டுகள் என்னிடம் வரத்தான் செய்கின்றன.

ஒரே ஆளுக்கு இரண்டு குறைபாடு இருந்தால்தான் சிக்கல் பெரிதாகிறது. எலும்புப் பிரிவில் காலைப் பற்றி மட்டும் எழுதுவீர்கள். காது சரியில்லை என்பது அங்கே யாருக்கும் வேண்டாத செய்தி. காலுக்கு 70 சதவீதம், காதுக்கு 30 என்று வைத்துக்கொள்வோம். இரண்டையும் கூட்டி 100 என்று எழுத மாட்டார்கள். அதற்கென்று சூத்திரம் உண்டு: பெரிய எண்ணை 90-இலிருந்து கழித்து, வரும் மிச்சத்தைச் சிறிய எண்ணால் பெருக்கி, 90-ஆல் வகுத்து, பெரிய எண்ணோடு சேர்க்க வேண்டும். இங்கே அது 76-க்கும் சற்று மேலே வருகிறது. தமிழ்நாட்டில் கடுமையாகப் பாதிக்கப்பட்டவர்களுக்கான 2000 ரூபாய் மாதப் பராமரிப்பு உதவித்தொகைக்குக் கோடு 75. காதுக்கான தாள் இருந்தால் அவர் கோட்டுக்கு மேலே. இல்லாவிட்டால் 70-இல் நின்றுவிடுகிறார். "காது கேட்பதிலும் சிரமம் உள்ளது, பரிசோதிக்கவும்" என்று எலும்பு மருத்துவர் ஒரு வரி எழுதி அனுப்புவதில் ஒரு குடும்பத்தின் மாத அரிசி அடங்கியிருக்கிறது.

உங்கள் பக்கத்து நியாயத்தை நான் அறியாமல் இல்லை. காலை ஓபி வரிசை எவ்வளவு தூரம் நீளும் என்பதை அந்த வரிசையிலேயே நின்று பார்த்திருக்கிறேன். இன்னொரு தயக்கமும் உண்டு. போலிச் சான்று விவகாரங்கள் செய்தியில் அடிபடும்போதெல்லாம், "இதெல்லாம் போர்டு பார்த்துக்கொள்ளும், நான் எதற்கு எழுத வேண்டும்" என்று பேனாவை மூடிவிடுகிறீர்கள். பொய் சொல்லிப் பயன் பெறுபவர்களுக்கு இரண்டு ஆண்டு வரை சிறை, அல்லது ஒரு லட்சம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும் என்று அந்த 2016-ஆம் ஆண்டுச் சட்டத்தின் 91-ஆவது பிரிவு சொல்கிறது. இருக்க வேண்டிய தண்டனைதான். ஆனால் உங்களிடம் யாரும் சதவீதம் கேட்கவில்லை. பரிசோதனை மேசையில் நீங்கள் கண்டதை, கண்டபடி எழுதச் சொல்கிறோம். சொல்லப்போனால் போலிகளைத் தடுக்கவும் அதுதான் வழி. இரண்டு ஆண்டுகளாக ஒரே மாதிரி குறிப்பு தொடர்ந்து வரும் சீட்டை, சான்று வழங்கும் முகாமுக்கு முந்தின நாள் தயாரித்துவிட முடியாது.

நேரம் இல்லையென்றால் பயிற்சி மருத்துவரான ஹவுஸ் சர்ஜனை எழுதச் சொல்லி நீங்கள் கையெழுத்துப் போடலாம். பிசியோதெரபி அறையில் ஏற்கெனவே மூட்டு எவ்வளவு மடங்குகிறது, தசையின் பலம் ஐந்துக்கு எவ்வளவு என்றெல்லாம் அளந்து பதிவேட்டில் எழுதுகிறார்கள். நான் பார்த்தவரை அந்தப் பக்கம் நோயாளியின் கைக்கு வருவதே இல்லை. போர்டு தேடும் தகவல் அதே கட்டடத்தில் ஒரு அலமாரிக்குள் கிடக்க, ஆள் வெறுங்கையோடு போய் நிற்கிறார். அதன் நகலுக்கு ஒரு கையெழுத்து போதாதா?

நான் கேட்பது எப்படியிருக்கும் என்றால், இந்த அளவுதான்:

"பக்கவாதம், தொடங்கியது மார்ச் 2024. வலது கையில் பிடிப்பு இல்லை. பொத்தான் போடவோ கையால் உண்ணவோ முடியாது. கைத்தடியுடன் வீட்டுக்குள் நடக்கிறார். படியேறவும் பஸ் ஏறவும் துணை தேவை. பேச்சு குழறுகிறது, ஆறு மாதமாக முன்னேற்றம் இல்லை."

ஆங்கிலத்தில் எழுதினாலும் சரி. முன்னேற்றம் இருக்கிறதா இல்லையா என்ற அந்தக் கடைசிச் சொற்களை மட்டும் விட்டுவிடாதீர்கள். தற்காலிகச் சான்றா, நிரந்தரச் சான்றா என்பதைப் பெரிதும் தீர்மானிப்பது அதுதான். தற்காலிகம் என்று வந்தால், கெடு முடிந்ததும் அந்த மனிதரை மறுபடியும் தூக்கிக்கொண்டு படியேற வேண்டும்.

உள்நோயாளியின் சிகிச்சைப் பதிவுகளை மூன்று ஆண்டு வைத்திருக்க வேண்டும், கேட்டால் 72 மணி நேரத்துக்குள் கொடுக்க வேண்டும் என்பது மருத்துவர்களுக்கான 2002-ஆம் ஆண்டு நடத்தை விதி. ரெக்கார்டு பிரிவுக்குப் போனால் "டாக்டரிடம் எழுதி வாங்கி வா" என்கிறார்கள். உங்களிடம் வந்தால் "ரெக்கார்டில் கேள்" என்கிறீர்கள். சக்கர நாற்காலியில் வருபவருக்கு அந்த இரண்டு வாசலுக்கும் நடுவே உள்ள தூரம் கொஞ்சநஞ்சம் இல்லை. நகல் கேட்டு ஒருவர் மனு நீட்டினால் அப்போதே கையெழுத்துப் போட்டுவிடுங்கள்.

முத்திரை விஷயம் ஒன்று பாக்கி. உங்கள் பெயரும் பதிவு எண்ணும் படிக்கும்படி, எழுத்தின் மேல் விழாமல் இருக்கட்டும். அண்மையில் வந்த ஒரு சீட்டில் முத்திரை மிகச் சரியாக நோயின் பெயர் மேலேயே விழுந்திருந்தது. இணையத்தில் ஏற்றிப் பார்த்தால் ஊதா நிறத்தில் ஒரு கறைதான் தெரிந்தது. முன்பக்கத்தில் இடம் போதாவிட்டால் பின்பக்கத்தில் எழுதுங்கள். இரண்டு பக்கத்தையும் ஸ்கேன் செய்து ஏற்றுவது என் பொறுப்பு.

இப்படிக்கு,
வியாசர்பாடியில் விண்ணப்பம் நிரப்பிக் கொடுக்கும் ஓய்வுபெற்ற தட்டச்சர்